உப்புக் கட்டியும் ஒன்றரை மனிதரும்: பவுத்தத்தில் ஒழுக்கம், மறுமை, அதிகாரம்

1

'போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ' என்று ஒரு தாய் தன் நோயாளிப் பிள்ளையைப் பார்த்துப் புலம்புகிறாள். 'போன ஜென்மத்துல பண்ணினது, இப்ப அனுபவிக்குது' என்று பக்கத்து வீட்டுக்காரர் அதே பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறார். வார்த்தை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவது அழுகை, இரண்டாவது தீர்ப்பு. சொல்கிற ஆள் மாறியதும் சொல் வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

கன்மம், வினை, ஊழ், தலையெழுத்து என்று பல பெயர்களில் நம்மிடையே புழங்கும் இந்தச் சொல்லாடலைப் பற்றிப் பேசும்போது முற்போக்கு வட்டாரங்களில் ஒரு சுருக்குவழி இருக்கிறது: 'கன்மக் கோட்பாடு பார்ப்பனியத்தின் சரக்கு, புத்தர் அதை மறுத்துவிட்டார், முடிந்தது.' இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுருக்குவழி: 'பவுத்தமும் மறுபிறப்பு, நரகம், சொர்க்கம் எல்லாம் பேசத்தானே செய்கிறது? அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?' இரண்டு தரப்புமே பிரதிகளுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு பேருக்குமே சங்கடம்தான். ஏனென்றால் பாலி நிகாயங்களுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

சண்டை எதைப் பற்றி என்றால், ஒழுக்கத்துக்கும் மறுமைக்கும் உள்ள உறவை எந்தத் திசையில் வாசிப்பது என்பதைப் பற்றி. 'இன்று நான் எப்படி வாழ்கிறேனோ அது என் நாளையை உருவாக்கும்' என்பது முன்னோக்கிய வாசிப்பு. 'இன்று அவன் இப்படிக் கிடக்கிறான் என்றால் நேற்று ஏதோ செய்திருக்கிறான்' என்பது பின்னோக்கிய வாசிப்பு. தர்க்கத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தின் இரு முனைகள் போலத் தெரியும். வரலாற்றில் முதலாவது தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியாகவும், இரண்டாவது அடுத்தவன் தலையில் ஏற்றும் பாரமாகவும் இருந்து வந்திருக்கிறது.

2

செத்தவர்கள் திரும்பப் பிறக்கிறார்கள் என்கிற நம்பிக்கை இந்தியாவின் தனிச்சொத்து அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. வட அமெரிக்கப் பழங்குடிகளிடம் உண்டு. மெலனீசியாவின் டிரோபிரியாண்ட் தீவுகளில் உண்டு. அங்கெல்லாம் செத்த தாத்தா தன் குலத்திலேயே, தன் சனங்களிடையிலேயே குழந்தையாக வருவார். அவர் நல்லவரா கெட்டவரா என்று வாசலில் நின்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மறுபிறப்பு உண்டு, ஆனால் கூலியும் தண்டனையும் இல்லை. இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். மறுபிறப்பு என்கிற பழைய நம்பிக்கைக்குள் நன்மை தீமை என்கிற அளவுகோல் நுழைந்த பிறகுதான் கன்மக் கோட்பாடு உருவாகிறது என்பது அவருடைய வாதம். இந்த நுழைவை 'அறமயமாக்கம்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

வைதீக மரபில் 'கர்மம்' என்பதற்கு முதல் பொருள் சடங்குச் செயல். வேள்வியை முறையாகச் செய்தால் பலன் உண்டு, மந்திரத்தில் பிழை வந்தால் பலன் கெடும். செத்தவர் மேலே போவதற்கு மகன் வைக்கும் பிண்டம் வேண்டும். இங்கே செய்கிறவனின் குணம் இரண்டாம்பட்சம்.

உபநிடதங்களில் இது மாறத் தொடங்குகிறது. சாந்தோக்கியத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பகுதி இருக்கிறது. நல்ல நடத்தை உள்ளவர்கள் பிராமண, சத்திரிய, வைசியக் கருப்பைகளை அடைவார்கள், கெட்ட நடத்தை உள்ளவர்கள் நாய், பன்றி, சண்டாளர் கருப்பைகளை அடைவார்கள் என்று அது சொல்கிறது. கவனியுங்கள்: 'நடத்தை' என்கிற சொல் அங்கேயும் இருக்கிறது. அதனால் 'பவுத்தம்தான் மறுமைக்குள் ஒழுக்கத்தைக் கொண்டுவந்தது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சாந்தோக்கியம் ஒழுக்கம் பேசிக்கொண்டே, ஒரு மனிதக் கூட்டத்தை நாய்க்கும் பன்றிக்கும் அடுத்தபடியாக நிறுத்தி வைக்கிறது. ஒழுக்கம் என்கிற சொல்லே பிறப்புத் தரவரிசைக்குக் காவல்காரனாகிவிடுகிறது.

அப்படியானால் பவுத்தம் செய்தது என்ன? அளவுகோலை ஒன்றாக்கியது. வருண தருமத்தில் ஒழுக்கம் ஆளுக்கு ஆள் வேறு. வெட்டுவது ஒருவனுக்குக் கடமை, ஓதுவது இன்னொருவனுக்குக் கடமை, சேவகம் செய்வது மற்றவனுக்குக் கடமை. அவரவர் கடமையை அவரவர் செய்தால் புண்ணியம். பவுத்தத்தின் ஐந்து சீலங்களோ எல்லாருக்கும் ஒன்றுதான். கொல்லாதே என்றால் அரசனுக்கும் கொல்லாதே, அடிமைக்கும் கொல்லாதே.

மஜ்ஜிம நிகாயத்தில் அஸ்ஸலாயனன் என்று பதினாறு வயதுப் பிராமணப் பையன் ஒருவன் வருகிறான். பெரியவர்கள் அவனை வாதத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். புத்தர் அவனிடம் கேட்பதன் சாரம் இது: சத்திரியனோ வைசியனோ சூத்திரனோ கொன்றால், திருடினால், பொய் சொன்னால் நரகத்துக்குப் போவான், பிராமணன் மட்டும் போகமாட்டானா? பையனால் 'ஆமாம்' என்று சொல்ல முடியவில்லை. நரகம் எல்லாருக்கும் பொது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. இன்றைக்கு நமக்கு நரகம் பற்றிய பேச்சு சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பூமியில் எங்குமே சமமான நீதிமன்றம் இல்லாத ஒரு காலத்தில், நரகத்தையாவது சமமாக்க வேண்டும் என்று ஒருவர் வாதாடியிருக்கிறார். அதன் அரசியலைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது.

3

அளவுகோலை ஒன்றாக்கியதோடு அளக்கப்படும் பொருளையும் பவுத்தம் மாற்றியது. வினை என்று தான் சொல்வது எண்ணத்தையே என்று புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயம் பதிவு செய்கிறது. பாலியில் 'சேதனா'. நோக்கம், மனம் ஒன்றைக் கருதிச் செயலை நோக்கித் திரும்புதல் என்று பொருள் கொள்ளலாம். சமணர்களோடு பவுத்தர்களுக்கு நடந்த பெரிய வழக்கே இதுதான். உடலால் செய்வதே கனமானது என்று நிகண்டர் தரப்பு சொல்வதாகவும், மனத்தால் செய்வதே கனமானது என்று புத்தர் மறுப்பதாகவும் உபாலி சுத்தம் காட்டுகிறது. (நிகண்டர் தரப்பை அது பவுத்த வாயால்தான் சொல்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.)

எண்ணமே வினை என்று வந்துவிட்டால் சடங்குக்காரருக்கு வேலை போய்விடுகிறது. சம்யுத்த நிகாயத்தில் நாலந்தாவில் நடக்கும் ஒரு உரையாடல். அசிபந்தகபுத்தன் என்கிற ஊர்த்தலைவன் வந்து, மேற்குத் தேசத்துப் பிராமணர்கள் செத்தவனைத் தூக்கிச் சொர்க்கத்தில் ஏற்றிவிடுகிறார்களாமே, உங்களால் முடியாதா என்கிறான். புத்தர் திருப்பிக் கேட்கிறார்: ஆழமான குளத்தில் பெரிய பாறாங்கல்லைப் போட்டுவிட்டு ஊரே கூடிக் கும்பிட்டு, சுற்றி வந்து, 'எழும்பி வா கல்லே' என்று வேண்டினால் கல் மிதந்து வருமா? நெய்க்குடத்தைத் தண்ணீருக்குள் உடைத்தால் ஓடு அடியில் போகும், நெய் மேலே வரும். நெய்யே, கீழே போ என்று எல்லாரும் சேர்ந்து வேண்டினால் போகுமா? புரோகிதரின் வருமானத்தில் நேராகக் கைவைக்கிற உவமை இது.

அதே தொகுதியில் போர்வீரர்களின் தலைவன் ஒருவன் வருகிறான். போரில் முனைந்து சண்டையிட்டுச் செத்தவன் தேவருலகம் போவான் என்று எங்கள் பழைய ஆசான்கள் சொல்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். புத்தர் பதில் சொல்ல மறுக்கிறார். மூன்று முறை கேட்ட பிறகு சொல்கிறார்: இவர்கள் வெட்டுப்படட்டும், அழியட்டும் என்று ஏற்கெனவே தாழ்ந்துபோன மனத்தோடு செத்தவனுக்குச் சொர்க்கம் இல்லை, நரகம்தான். அந்த ஆள் அழுகிறான். நீங்கள் சொன்னதற்காக அழவில்லை, இத்தனை காலம் எங்களை ஏமாற்றியிருக்கிறார்களே என்று அழுகிறேன் என்கிறான். வீரசுவர்க்கம் என்கிற கதையாடலின் மேல் இவ்வளவு கறாராகக் கைவைத்த பழைய பிரதிகள் அதிகம் இல்லை. இந்த வீரனை மறக்காமல் வைத்திருங்கள். பின்னால் அனுராதபுரத்தில் இவன் தேவைப்படுவான்.

4

இனிச் சங்கடமான பகுதிக்கு வருவோம்.

மஜ்ஜிம நிகாயத்தின் சூளகம்ம விபங்க சுத்தத்தில் சுபன் என்கிற பிராமண இளைஞன் கேட்கிறான்: ஒருவன் அற்பாயுசு, ஒருவன் தீர்க்காயுசு, ஒருவன் நோயாளி, ஒருவன் ஏழை, ஒருவன் இழிகுலம், இதெல்லாம் ஏன்? புத்தர் பட்டியல் போட்டுப் பதில் சொல்கிறார். கொன்றவன் மனிதனாகப் பிறந்தாலும் சீக்கிரம் சாவான். அடித்துத் துன்புறுத்தியவன் நோயாளியாவான். கொடாதவன் ஏழையாவான். செருக்குப் பிடித்துப் பெரியவர்களை மதிக்காதவன் தாழ்ந்த குலத்தில் பிறப்பான். அதே நிகாயத்தின் பாலபண்டித சுத்தம் இன்னும் ஒரு படி போகிறது. மூடன் நீண்ட காலத்துக்குப் பிறகு மனிதப் பிறவிக்கு வந்தாலும் சண்டாளர், வேட்டுவர், மூங்கில் வேலை செய்பவர், தேர் செய்பவர், புக்குசர் குடும்பங்களில்தான் பிறப்பான் என்று குலம் குலமாக எண்ணிக் காட்டுகிறது.

இதைப் படிக்கிற தலித் வாசகனுக்கு என்ன பதில்? 'பிற்கால இடைச்செருகல்' என்று சொல்லித் தப்பிச்சிடலாம். ஆனால் நமக்குப் பிடிக்காததெல்லாம் இடைச்செருகல், பிடித்ததெல்லாம் புத்தர் வாக்கு என்பது ஆய்வு ஆகாது. பிறப்பால் எவனும் இழிந்தவன் இல்லை என்று வாதாடிய மரபே, இழிந்த பிறப்பு எப்படி வருகிறது என்று காரணமும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சமூகத்தின் தரவரிசையை இயற்கைபோல எடுத்துக்கொண்டு அதற்குள் அறக்கணக்கை எழுதியிருக்கிறது. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே பிரதிகள் இந்தக் கணக்கைத் தாமே குலைத்தும் போடுகின்றன. அடுத்து வரும் மகாகம்ம விபங்க சுத்தம் சொல்வது என்னவென்றால், தீமை செய்தவன் சொர்க்கம் போவதும் உண்டு, நன்மை செய்தவன் நரகம் போவதும் உண்டு. முன்னே செய்தது, பின்னே செய்தது, சாகும்போது கொண்ட பார்வை எல்லாம் கலந்து கிடக்கிறது. ஞானக்கண்ணால் ஒரு சம்பவத்தைப் பார்த்துவிட்டு 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்று சட்டம் போடுகிறவர்கள் தவறு செய்கிறார்கள்.

சிவகன் என்கிற பரதேசித் துறவிக்குச் சொன்ன பதில் இன்னும் வெளிப்படை. மனிதன் படும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினைப் பயன் என்று சிலர் சொல்கிறார்களே என்று அவன் கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. முந்தைய ஏழும் வைத்தியரும் அண்டை அயலாரும் பார்த்தே சொல்லக்கூடியவை. எல்லாம் முன்வினை என்பவர்கள் தாமே அறிந்ததையும் தாண்டிப் போகிறார்கள், உலகம் உண்மை என்று ஏற்றதையும் தாண்டிப் போகிறார்கள் என்று முடிக்கிறார். 'பிறர் தாக்குதல்' என்பது தனிக் காரணமாக இங்கே எண்ணப்படுவதைப் பாருங்கள். ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் அடித்தவனைத் தேடு என்று இதற்குப் பொருள். அடிபட்டவனின் போன ஜென்மத்தைத் தோண்டாதே.

அங்குத்தர நிகாயத்தில் இன்னொரு வாதம். எல்லாம் முன்வினை, எல்லாம் ஈசுவரன் படைப்பு, எல்லாம் காரணமில்லாத தற்செயல் என்கிற மூன்று பார்வைகளையும் புத்தர் ஒரே கூடையில் போடுகிறார். மூன்றில் எதை ஏற்றாலும், 'இதைச் செய்ய வேண்டும், இதைச் செய்யக் கூடாது' என்கிற முயற்சிக்கே இடமில்லாமல் போகும் என்கிறார். முன்வினைவாதத்தைக் கடவுள்வாதத்தோடு சேர்த்துக் கட்டியது சாதாரண விஷயம் இல்லை. பின்னோக்கிய வாசிப்பு ஒழுக்கத்துக்கு அடிப்படை இல்லை, ஒழுக்கத்தையே கொல்கிறது என்கிற தெளிவு அங்கே இருக்கிறது.

5

அப்படியானால் ஒழுக்கம் மறுமையில் எப்படி வேலை செய்கிறது? இதற்குப் பவுத்தம் கொடுத்த பதில்களில் எனக்கு முக்கியமாகப்படுவது அங்குத்தர நிகாயத்தின் உப்புக் கட்டி உவமை. ஒரு கிண்ணத் தண்ணீரில் உப்புக் கட்டியைப் போட்டால் குடிக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் ஆற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதுபோல ஒரே அளவு சிறிய தீமையைச் செய்த இரண்டு பேரில், தன்னை வளர்த்துக்கொள்ளாத, குறுகிய மனம் கொண்டவனை அது நரகம் வரை இழுத்துப் போகிறது. சீலத்திலும் மனத்திலும் அறிவிலும் விரிந்தவனுக்கு இங்கேயே கொஞ்சம் வலித்துவிட்டுத் தீர்ந்துபோகிறது. செய்ததற்குச் செய்தபடியே கூலி என்று வைத்தால், திருந்தி வாழ்வதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று அந்தச் சுத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. வினையை எண்ணிக் கூட்டும் கணக்குப் புத்தகம் இங்கே கிழிந்துபோகிறது. கணக்கின் இடத்தில் ஆளின் குணவிரிவு வந்து உட்காருகிறது.

அடுத்து அந்தச் சுத்தம் இரண்டு உவமைகளைச் சேர்க்கிறது. அங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். அரைக் கஹாபணக் காசுக்காக ஏழை சிறைக்குப் போகிறான், பணக்காரன் அதே காசுக்காகப் போவதில்லை. ஆட்டைத் திருடியவன் ஏழை என்றால் ஆட்டுக் கசாப்புக்காரன் அவனைக் கட்டலாம், அடிக்கலாம், கொல்லலாம். திருடியவன் பணக்காரனோ அரசனோ மந்திரியோ என்றால் கைகூப்பி, 'ஐயா, ஆட்டைக் கொடுங்க, இல்லாட்டி அதுக்கு விலையாவது கொடுங்க' என்று கெஞ்ச வேண்டியதுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கங்கைச் சமவெளியின் காவல் நிலையத்தை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது. குணத்தின் விரிவை விளக்க, சட்டம் ஆள் பார்த்து வேலை செய்வதை உவமையாக எடுத்திருக்கிறார்கள். என்னய்யா நியாயம் இது என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்ற வேண்டும். அநீதியை இயல்பான காட்சியாக எடுத்துக்கொண்டு அறத்தை விளக்கும் இந்தச் செயல், பிரதியின் வலிமையையும் எல்லையையும் ஒரே சமயத்தில் காட்டிக்கொடுக்கிறது.

குணம் என்பது ஒரு சாய்வு. சாக்கியன் மகாநாமனுக்கு ஒரு பயம்: யானையும் வண்டியும் சனமும் நெரியும் கபிலவத்துத் தெருவில் மனம் சிதறி நிற்கும் நேரத்தில் செத்துப்போனால் என் கதி என்ன? புத்தர் கேட்கிறார்: கிழக்கே சாய்ந்து வளர்ந்த மரத்தை வெட்டினால் எந்தப் பக்கம் விழும்? சாய்ந்த பக்கம்தானே. கடைசி நிமிடத்து மந்திரத்துக்கோ தீர்த்தத்துக்கோ இங்கே இடமில்லை. நீண்ட நாள் எப்படி வளர்ந்தாயோ அப்படியே விழுவாய்.

'விழுவது' யார் என்கிற கேள்வி உடனே வரும். ஆன்மா இல்லை என்றவர்களிடம் மறுபிறப்பு எடுப்பது யார்? ஸாதி என்கிற துறவி, மீனவர் குடும்பத்துப் பிள்ளை, இதே உணர்வுதான் மாறாமல் பிறவிக்குப் பிறவி ஓடுகிறது என்று சொல்லிப் புத்தரிடம் கடுமையாகத் திட்டு வாங்குகிறான். உணர்வு சார்புகளால் எழுவது. விறகில் எரிந்தால் விறகுத் தீ, வைக்கோலில் எரிந்தால் வைக்கோல் தீ. பின்னால் மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டுவார்: முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் அதேயும் இல்லை, வேறேயும் இல்லை. நிலையான தன்னிலை கிடையாது, ஆனால் பொறுப்பு தொடர்கிறது. 1990களில் தன்னிலையைக் கட்டுடைப்பது பற்றி நிறையப் பேசினோம். தன்னிலையைக் கலைத்த பிறகு அறப்பொறுப்பு யாருக்கு என்று திணறியவர்களுக்கு இந்தப் பழைய விவாதம் உதவும்.

6

இந்தச் சிந்தனை அரசின் கைக்குப் போனபோது இரண்டு விதமாக ஆனது. இரண்டு அரசர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டு பேருமே போரில் வென்றவர்கள், இரண்டு பேருக்குமே மனம் உறுத்தியது.

முதலாவது அசோகர். கி.மு. 3ஆம் நூற்றாண்டு. பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில், முடிசூடிய எட்டாவது ஆண்டில் கலிங்கத்தை வென்றதாகவும், 1,00,000 பேர் கொல்லப்பட்டதாகவும், 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டதாகவும், அதைவிடப் பல மடங்கு பேர் மாண்டதாகவும் தானே கணக்குச் சொல்லி வருந்துகிறார். அந்த எண்ணிக்கையில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு துன்பமும் இனித் தனக்குப் பாரமே என்கிறார். ஒன்பதாம் கல்வெட்டில், சனங்கள் செய்யும் மங்களச் சடங்குகளை விட அடிமைகளையும் வேலைக்காரர்களையும் சரியாக நடத்துவது போன்ற தம்மச் சடங்கே மறுமைக்கும் பலன் தரும் என்கிறார். அவரை ரொம்பவும் தூக்கி வைக்க வேண்டாம். கலிங்கத்திலேயே உள்ள தவுளி, ஜவுகட கல்வெட்டுகளில் இந்தப் பதின்மூன்றாம் சாசனம் வெட்டப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் கண்ணில் வருத்தம் படவில்லை. அப்படியும், கொன்ற எண்ணிக்கையைக் குறைக்காமல் கல்லில் வெட்டி வைத்த அரசர்கள் வேறு யார்?

இரண்டாவது துட்டகைமுனு. கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி மகாநாமர் இயற்றிய மகாவம்சம் சொல்லும் கதை. அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட சோழன் எல்லாளனை அந்த நூலே நீதிமான் என்று புகழ்கிறது. பசுங்கன்றுக்காகத் தன் மகனையே கொன்றவன் என்கிறது. அவனை வென்ற துட்டகைமுனுவுக்கு இரவில் தூக்கம் வரவில்லை. ஒரு பெரும்படையையே கொன்ற எனக்கு ஆறுதல் ஏது என்று கலங்குகிறான். அரகதர்கள் எட்டுப் பேர் வந்து தேற்றுகிறார்கள். நீ கொன்றது ஒன்றரை மனிதர்தான். ஒருவன் மும்மணிச் சரணம் புகுந்தவன், இன்னொருவன் ஐந்து சீலமும் ஏற்றவன். மற்றவர்கள் தவறான பார்வை கொண்டவர்கள், மிருகங்களைவிட மேலாக எண்ணத் தக்கவர்கள் அல்ல. உன் சொர்க்கப் பாதைக்குத் தடையில்லை. அப்புறம் அவன் துசித உலகம் போகிறான்.

இப்போது அந்தப் போர்வீரனைக் கூப்பிடுங்கள். 'வெட்டுப்படட்டும்' என்று நினைத்த மனத்துக்குச் சொர்க்கம் இல்லை என்று கேட்டு அழுதவனை. அவனுக்குச் சொன்னதற்கு நேர் எதிரானதை அரகதர்களின் வாயால் மகாவம்சம் சொல்லிவிட்டது. அங்கே அளக்கப்பட்டது கொன்றவனின் எண்ணம். இங்கே அளக்கப்படுவது கொல்லப்பட்டவனின் மதம். கொன்றவனின் மறுமையைக் காப்பாற்ற, செத்தவனின் மனிதத் தன்மையைக் கழித்துவிடுகிறார்கள். சீலம் என்பது ஒருவன் தன்னை வளர்க்கும் பயிற்சி. அதை அடுத்தவனுக்கு மனிதன் என்கிற தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் சான்றிதழாக மாற்றியாகிவிட்டது. 'ஒன்றரை' என்கிற அந்தப் பின்னம் அரசாங்கக் கணிதம்.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரின் காலத்தில் இலங்கையில் துட்டகைமுனு வெறும் பழைய அரசனாக இருக்கவில்லை. 2017 அக்டோபரில் மியன்மாரில், 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்யா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்த மாதங்களில், நாட்டின் புகழ்பெற்ற பிக்குவான சிதகு சயாதோ இராணுவ அதிகாரிகளுக்கு ஆற்றிய உரையில் எடுத்துச் சொன்னது இதே ஒன்றரை மனிதர் கதையைத்தான்.

7

தமிழில் இந்த விவாதத்தின் மிக நல்ல சாட்சி மணிமேகலை. அதற்குள்ளும் இரண்டு வாசிப்பும் இருக்கின்றன. உதயகுமரன் வாளால் வெட்டுண்டு சாகிறான். போன பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, துறவிக்குச் சமைத்த உணவோடு தடுமாறி விழுந்த சமையற்காரனை வெட்டியதன் பலன் அது என்று கந்திற்பாவை சொல்கிறது. பின்னோக்கிய வாசிப்புதான். ஆனால் அது மேல்நோக்கித் திரும்பியிருப்பதைக் கவனிக்க வேண்டும். வேலைக்காரனைக் கொன்றதற்கு இளவரசன் பதில் சொல்கிறான்.

ஆபுத்திரனைப் பிறப்பைச் சொல்லிப் பார்ப்பனர்கள் இழிக்கும்போது, பசுவின் மகனும் மானின் மகனும் புலியின் மகனும் நரியின் மகனும் உங்கள் ரிஷிகள்தானே என்று சிரிக்கிறான். அமுதசுரபியோடு போகும் மணிமேகலை, பசித்தவனிடம் 'முன்பிறப்பில் என்ன செய்தாய்' என்று விசாரித்துவிட்டுச் சோறு போடவில்லை. முதலில் சோறு. சிறைக்கோட்டத்துக்குள் போய் அங்கிருப்பவர்களுக்கு உணவிட்டுவிட்டு, இந்தச் சிறையை அறக்கோட்டமாக்கு என்று அரசனிடம் வரம் கேட்கிறாள். அரைக் காசுக்குச் சிறைப்பட்ட ஏழை உப்புக் கட்டிச் சுத்தத்தில் ஒரு உவமையாக மட்டும் வந்து போனான். இங்கே அவனுக்குக் கதவு திறக்கிறது. பிரதி நிறுத்திய இடத்திலிருந்து காப்பியம் ஒரு அடி முன்னால் வைக்கிறது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

நவீன காலத்தில் பின்னோக்கிய வாசிப்போடு நேருக்கு நேர் மோதியவர் அம்பேத்கர். சென்னையின் லட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பவுத்த நூலின் 1948 பதிப்புக்கு அம்பேத்கர்தான் முன்னுரை எழுதினார். பகுத்தறிவுப் பவுத்தம் என்கிற அந்தக் கோட்டை அவர் மேலும் நீட்டினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை பெற்று, அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில், ஆன்மா இல்லை என்றவர் கன்மமும் மறுபிறப்பும் உண்டு என்றது முரண்பாடு இல்லையா என்று கேட்டு, நூலுக்குள் தன் பதிலைக் கட்டுகிறார். பொருட்கூறுகள் கலைந்து மறுபடி சேரலாம், ஆனால் ஒரு ஆள் தன் பழைய பாக்கியைச் சுமந்துகொண்டு வருவதில்லை. கன்மம் என்பது இந்த உலகின் ஒழுக்க ஒழுங்கைப் பற்றியது. ஏழையும் தாழ்த்தப்பட்டவனும் அப்படி இருப்பது முன்வினையால் என்கிற கோட்பாடு, அரசும் சமூகமும் தம் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளவே பயன்படும் என்று அவர் அடையாளம் காட்டினார்.

இவர் பவுத்தத்தையே திருத்திவிட்டார் என்று தேரவாத அறிஞர்கள் குறைபட்டார்கள். திருத்தினார்தான். ஆனால் வெளியிலிருந்து வந்து திருத்தவில்லை. சிவகனுக்குச் சொன்ன பதிலும், முன்வினைவாதத்தை ஈசுவரவாதத்தோடு சேர்த்துக் கட்டிய பதிலும் மரபுக்குள்ளேயே கிடந்தன. அந்தக் குரலை எடுத்து, பாலபண்டித சுத்தத்தின் குலப் பட்டியலுக்கு எதிராக நிறுத்தினார். அறிவுக்கு ஒத்ததும் மனித நலனைப் பற்றியதுமே புத்தர் வாக்காக இருக்க முடியும் என்று அவர் வைத்த சோதனை பக்தர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் நிகாயங்கள் ஒன்றோடொன்று மோதும்போது ஏதோ ஒரு சோதனை வைத்துத்தான் ஆக வேண்டும். மகாவம்சத்தின் அரகதர்களும் ஒரு சோதனை வைத்தார்கள். அவர்களுடையது அரசனுக்குத் தூக்கம் வருமா என்கிற சோதனை.

அதனால் விகாரைகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் பவுத்தம் படிக்கிற தோழர்கள் அந்தக் குலப் பட்டியலைத் தாண்டிப் போய்விடாமல், சத்தமாகவே வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வாசித்துவிட்டுப் பக்கத்தில் சிவகனை வைக்க வேண்டும், உப்புக் கட்டியை வைக்க வேண்டும், அழுத போர்வீரனையும் ஒன்றரை மனிதரையும் வைக்க வேண்டும். மறுமை உண்டா இல்லையா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொருவரும் தன் மரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வெட்டுப்பட்டு விழுந்து கிடக்கும் அடுத்தவன் மரத்தைப் பார்த்து, அது ஏன் அப்படிச் சாய்ந்தது என்று வியாக்கியானம் பண்ணுகிறவரிடம் மட்டும் முதலில் கோடரியைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.